திருகோணமலையில் முதல் காணி: பல வருடத் தயக்கத்துக்குப் பிறகு எங்கே தொடங்குவது?

திருகோணமலையில் காணியில் காசு போடத் தயங்கியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. 1990 இல் வீட்டைப் பூட்டிவிட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்களின் ஊர் இது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் சொந்தக் காணியில் திரும்பவும் கால்வைக்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆனது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதை நகையாக்கி வைப்பதும், வங்கியில் நிலையான வைப்பில் போடுவதும் இயல்பு. நகையை இடுப்பில் முடிந்துகொண்டு ஓடலாம், காணியோடு ஓட முடியாது என்பது இங்கே பலர் வாழ்ந்து தெரிந்துகொண்ட விஷயம்.

போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது தயங்குகிறவர்கள் சொல்லும் காரணங்கள் வேறு. "அப்பவே வாங்கியிருக்கலாம், இப்ப விலை எட்டாது" என்பார் ஒருவர். "காணி உறுதிப் பத்திரம் சரியோ பிழையோ, யாரை நம்பி வாங்குறது?" என்பார் இன்னொருவர். "அவசரத்துக்குக் காசை வெளிய எடுக்க ஏலாதே" என்பார் மூன்றாமவர். முதலாவதற்கு யாரிடமும் மருந்து இல்லை. போன விலை போனதுதான். மற்ற இரண்டும் அப்படியில்லை. ஒன்றை ஆவணங்களைப் பார்த்துத் தீர்க்கலாம், மற்றதைக் கணக்குப் போட்டுத் தீர்க்கலாம். ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்காமலே இரண்டையும் செய்து முடிக்கலாம். நான் பார்த்தவரை, தயக்கம் வருடக்கணக்கில் இழுபடுவதற்குக் காரணம், மனதில் இருக்கிற கேள்வியை எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருப்பதுதான்.

வங்கியில் கிடந்த பணத்துக்கு நடந்தது

காணியைப் பற்றிய பேச்சு 2022 க்குப் பிறகு திடீரென்று கூடியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 12 அன்று இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதாவது, ஒரு வருடம் முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 170 ரூபா. 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ஐ எட்டியது. மத்திய வங்கி ஒரே அறிவிப்பில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தி, வைப்புகளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைக்கத் தொடங்கிய பிறகும், சேமித்தவரின் பணம் உள்ளே கரைந்துகொண்டுதான் இருந்தது. ஓய்வூதியக் கொடுப்பனவை முழுக்க நிலையான வைப்பில் போட்டிருந்த ஆசிரியர் ஒருவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் அதே வருடம் இன்னொன்றையும் காட்டியது. ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பிள்ளையை வெளிநாடு அனுப்பவோ உடனே காசு தேவைப்பட்டவர்கள் காணியை அவசரமாக விற்கப் போனார்கள். அவசரத்தில் விற்கிறவரிடம் வாங்குகிறவர் எப்போதும் குறைத்துத்தான் கேட்பார். அதனால் குடும்பம் ஆறு மாதம் ஓடக்கூடிய பணம் தனியாக வங்கியில் இல்லாதவர் காணி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இருக்கிற நகையை எல்லாம் அடகு வைத்து வாங்கும் காணி, அடுத்த நெருக்கடியில் முதலில் கைவிட்டுப் போகும்.

அறிவிப்பும் காணி விலையும்

இங்கே காணி விலையில் ஒரு பங்கு மண்ணுக்கு, ஒரு பங்கு செய்திக்கு. சம்பூரில் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதற்கு 2011 இல் ஒப்பந்தம் ஆனது. 2016 இல் அது கைவிடப்பட்டது. சீனன்குடாப் பக்கம் இருக்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிப் பல வருடம் பேசி, 2022 ஜனவரியில்தான் முடிவு வந்தது: 14 லங்கா ஐஓசி நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. அதே நாளில் சம்பூரில் சூரிய மின்நிலைய வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் தரகரின் குரல் மாறும். "தம்பி, பெரிய கொம்பனி வருது. அடுத்த வருசம் இந்த விலைக்குக் கனவிலயும் கிடையாது." அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், அவரும் பத்திரிகையில் வாசித்ததைத்தான் சொல்கிறார். ஆனால் உடன்படிக்கைக்கும் அடித்தளம் போடுவதற்கும் நடுவில் இந்த ஊரில் எத்தனை அரசாங்கம் மாறியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நிலக்கரி மின்நிலையம் வரும் என்று நம்பி 2012 இல் கூடிய விலை கொடுத்தவருக்கு 2016 இல் யாரும் பதில் சொல்லவில்லை.

இதற்கு மாறாகக் கிண்ணியாவைப் பாருங்கள். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை நகரத்துக்கு வருவதென்றால் துறையில் மிதவைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். பாலம் வந்த பிறகு நகரத்தில் வேலை செய்கிறவர் கிண்ணியாவில் குடியிருக்கலாம் என்றாகிவிட்டது. கண்ணால் பார்க்கக்கூடிய பாலம், ஓடத் தொடங்கிய பஸ், திறந்து நடக்கிற கந்தோர் ஆகியவற்றுக்கு விலை கொடுக்கலாம். படத்தில் இருப்பதற்குக் கொடுக்க வேண்டாம்.

எந்த வகைக் காணி?

இலங்கையில் நிலத்தில் பத்தில் எட்டுப் பங்கு அரச காணி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்கள் வந்த இடங்களில் சனம் இருக்கும் காணிகளில் பெரும்பங்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பெர்மிட் காணி என்று சனம் சொல்வது இதைத்தான். பெர்மிட் வைத்திருப்பவர் அதில் வீடு கட்டலாம், பயிர் செய்யலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம். நினைத்தபடி விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கையில் இருந்தாலும், பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. இவற்றை முழு உரித்தாக்கிக் கொடுக்க 2024 இல் உறுமய என்ற திட்டம் தொடங்கியது. ஆனால் 'உறுமயவில் உறுதி வரப்போகுது' என்பதை நம்பி இன்று காசு கொடுக்கக் கூடாது. உறுதி வந்த பிறகு பேசலாம்.

பெர்மிட் காணியை வெறுந்தாளில் முத்திரை ஒட்டி எழுதி விற்பது ஊரெல்லாம் நடக்கிறது. விலை பாதிக்கும் கீழே இருப்பதால் முதன்முறை வாங்குகிறவருக்கு ஆசை வரும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அசையா ஆதனத்தை விற்கும் எழுத்து, உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும் என்கிறது அது. அப்படி இல்லாத தாளுக்குச் சட்டத்தில் வலு இல்லை. நொத்தாரிசு எழுதினாலும், பெர்மிட்டுக்குரிய சம்மதம் இல்லையென்றால் அதுவும் நிற்காது.

அப்புறம் டிக்ளரேஷன் உறுதி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் இது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவருடைய தனியார் காணியை அவருக்கு எதிராக, தடையில்லாமல், தொடர்ந்து பத்து வருடம் ஆண்டு வந்தவர் நீதிமன்றத்தில் உரித்துக் கோரலாம். பலர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. 'நான் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன்' என்று ஒரு நொத்தாரிசிடம் தாமே பிரகடனம் எழுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, அந்த ஒற்றை உறுதியை வைத்து விற்கிறார்கள். அந்தத் தாள் அவர் சொன்னதை அவரே எழுதிக்கொண்டது மட்டுமே. நீதிமன்றம் ஏற்காதவரை அது உரித்தாகாது. அரச காணியாக இருந்தால் எத்தனை வருடம் ஆண்டாலும் ஆட்சியுரிமை ஓடாது. கூட்டுரித்துக் காணியில் அண்ணன் ஒருவர் இருபது வருடம் தனியே இருந்தாலும், மற்றச் சகோதரர்களை வெளியேற்றி ஆண்டார் என்று காட்டாதவரை, அவருடைய ஆட்சி எல்லோருடைய ஆட்சியாகவே கொள்ளப்படும்.

இந்த ஊரில் அந்தப் பத்து வருடம் எந்தப் பத்து வருடம் என்று கேட்க வேண்டும். சொந்தக்காரர் முகாமில் இருந்த காலமா? படகேறிப் போன காலமா? 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக்குழுவின் நடவடிக்கைகளால் தம் காணிக்காக வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்காக 2016 இல் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டதே, இந்த அநியாயம் அவ்வளவு பரவலாக இருந்ததால்தான். சட்டம் காப்பாற்றுமா என்பது ஒரு பக்கம். இன்னொருவர் உயிருக்குப் பயந்து விட்டுப்போன வளவை மலிவு என்பதற்காக வாங்குவது சரியா என்ற கேள்வி அதைவிடப் பெரியது. அப்படிப்பட்ட காணியில் கட்டும் வீட்டுக்கு வாடகை வரலாம், அக்கம்பக்கத்தில் மரியாதை வராது. டிக்ளரேஷனில் தொடங்கும் உரித்தை முதல் தடவை வாங்குகிறவர் தொடவே வேண்டாம்.

பதிவகத்தில் ஒரு காலை

மிச்சம் இருப்பது உறுதிக் காணி. தலைமுறை தலைமுறையாக அறுதி விற்பனை, நன்கொடை, சீதனம் என்று நொத்தாரிசு உறுதிகளால் கைமாறி வந்த தனியார் காணி. முதல் முதலீட்டுக்கு இதுதான் ஏற்றது. ஆனால் இதிலும் உறுதியின் போட்டோப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது.

ஒவ்வொரு உறுதியும் மூன்று படிகளாக எழுதப்படுகிறது. மூலம் சொந்தக்காரருக்கு, இரண்டாம் படி காணிப் பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசின் கோவையில். "கலவரத்தில உறுதி எரிஞ்சு போச்சு" என்று விற்பவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். பதிவகத்தில் இருக்கும் இரண்டாம் படியிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். எடுக்க முடியாது என்று சாக்குச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

உறுதியின் ஓரத்தில் பதிவு இலக்கம் இருக்கும்: எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று. அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்க்க விண்ணப்பம் கொடுக்கலாம். வழமையாக இதைச் சட்டத்தரணியோ நொத்தாரிசோ செய்வார். நீங்களும் கூடப் போங்கள். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக அந்தக் காணியின் கதை இருக்கும். யார் யாருக்கு எழுதினார், எப்போது ஈடு வைத்தார், ஈடு மீட்கப்பட்டதா, பாகப்பிரிப்பு வழக்கு ஏதும் பதியப்பட்டிருக்கிறதா, காணி கைமாறப் பார்த்தால் தமக்குத் தகவல் தரும்படி யாராவது எதிர் அறிவித்தல் கொடுத்திருக்கிறார்களா, எல்லாம். இடம் முடிந்தால் வேறு தொகுதிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அதையும் தேட வேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி, உங்கள் உறுதி முதலில் எழுதப்பட்டிருந்தும் பதியாமல் கிடந்தால், பின்னால் பணம் கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை போகலாம். அதனால் உறுதி முடிந்த கையோடு அது பதிவுக்குப் போனதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

வங்கிகளின் சட்டத்தரணிகள் வழமையாக 30 வருட உரித்தைப் பார்ப்பார்கள். இங்கே 30 வருடம் பின்னால் போனால் நேராகப் போர்க்காலத்தில் போய் நிற்போம். அங்கேதான் இடைவெளிகள் இருக்கும்: ஒருவர் காணாமல் போயிருப்பார், மரணச் சான்றிதழ் இருக்காது, இறந்தவரின் சொத்தை உரியவர்களுக்கு மாற்றும் மரணசாதன வழக்கு நடந்திருக்காது.

உறுதியின் கடைசியில் வரும் அட்டவணையை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பழைய கரையோர உறுதி ஒன்றில் 'கிழக்கே கடல்' என்று மட்டும் எல்லை இருக்கும். எழுதிய காலத்தில் கடல் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது? 'வடக்கே கந்தையாவின் வேலி' என்று இருந்தால், அந்தக் கந்தையாவும் இல்லை, வேலியும் இல்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய், பழைய பிளானை நிலத்தில் பொருத்திப் பார்த்து, எல்லைக் கல் போட்டு, புதுப் பிளான் எடுத்த பிறகுதான் 20 பேர்ச் என்பது உண்மையாகவே 20 பேர்ச்சா என்று தெரியும். (160 பேர்ச் ஓர் ஏக்கர், ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி.)

ஆறு பிள்ளைகளின் காணி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். இரண்டு பேர் கனடாவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகள் மட்டக்களப்பில் என்று இருக்கும். ஆறில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஆறில் ஐந்து பிரிக்கப்படாத பங்கு; மிச்சம் ஒரு பங்குக்காரர் பிறகு பாகப்பிரிப்பு வழக்குப் போடலாம். வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தைக் காட்டி ஒருவர் விற்க வந்தால், அது இங்கே பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, இன்னும் அதை ரத்துச் செய்யவில்லையா என்று அவரோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக் கேளுங்கள். நன்கொடை உறுதியில் 'தாயாருக்குச் சீவிய உரித்து' (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) என்ற ஒரு வரி கிடக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த அம்மாவின் கையெழுத்தும் வேண்டும். விற்பவர் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பத்துத் திருமணமான பெண் என்றால், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவையா என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள்.

புலம்பெயர்ந்த உறவுகள் பணம் அனுப்பி வாங்குவதும் இங்கே நிறைய. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை அறுதியாக எழுதுவதைத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்தவரும் இதற்குள் வருவார். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. அக்காவின் காசில் தம்பியின் பெயரில் எழுதினால், சட்டத்தின் முன் அது தம்பியின் காணி. அக்கா இரட்டைக் குடியுரிமை எடுத்த பிறகு வாங்குவதுதான் குடும்பம் உடையாமல் இருக்க வழி.

கடற்கரையா, நகரமா?

காணி என்றதும் பலருக்கு உப்புவெளியும் நிலாவெளியும்தான் கண்முன் வரும். அழகான இடங்கள், மறுக்கவில்லை. ஆனால் முதல் முதலீட்டுக்கு நான் சொல்லும் இடம் அதுவல்ல.

கடலின் சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்நோக்கி வரும் நிலம் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கரையோர வலயம். அதற்குள் எதுவுமே கட்ட முடியாது என்பதும் தவறு, வேலியடைத்தால் கட்டலாம் என்பதும் தவறு. கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி எடுக்க வேண்டும். கடலோரமாக விடவேண்டிய ஒதுக்கு இடத்துக்கு இடம் வேறுபடும். 40 பேர்ச் வாங்கி, ஒதுக்குப் போகக் கட்டுவதற்கு 12 பேர்ச் மிஞ்சினால் நீங்கள் கொடுத்த விலை என்ன? குச்சவெளிப் பக்கம் போகப் போகத் தொல்லியல், வன, வனசீவராசிகள் திணைக்களங்கள் எல்லைக் கல் போட்ட இடங்களும் வரும். வாங்குவதற்கு முன் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் விசாரிக்காமல் அங்கே ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது.

தண்ணீர் அடுத்தது. நிலாவெளியின் மணற்பாங்கான நிலத்தில் நல்ல தண்ணீர் மேலே ஒரு படையாக நிற்கும், கீழே உவர். மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் மேலே ஏறும். காணி பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் மாரி முடிந்த பச்சையில் போய்ப் பார்த்து மயங்கி வருகிறார்கள். ஆவணி, புரட்டாதியில் பக்கத்து வளவுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பாருங்கள். அதே காணியைக் கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள். வெள்ளம் எந்தப் பக்கமாக வருகிறது, எங்கே தேங்குகிறது என்று பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் எந்தப் பிளானையும்விடத் தெளிவாகச் சொல்லுவார்.

வருமானமும் பருவத்தோடுதான். தென்கரையில் கடல் கொந்தளிக்கும் சித்திரை, வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை இங்கே உல்லாசப் பயணிகள் வருவார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அறைகள் காலி. அரைவருடக் கடையை நம்பி முழுவருடக் கடன் எடுப்பது கஷ்டம்.

நகரத்துக்குள் நிலைமை வேறு. கிழக்கு மாகாண சபையின் திணைக்களங்கள் இங்கே இருக்கின்றன. மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறையிலிருந்து இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறி ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்புவார்கள். ஆஸ்பத்திரித் தாதியர், வங்கிக்காரர், ஆசிரியர், கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர்கள் எல்லோருக்கும் வேண்டியது ஒரு சுத்தமான அறை, தனி வாசல், இணைந்த குளியலறை, மோட்டார் சைக்கிள் விட ஓர் இடம். உவர்மலை, மட்டிக்களி, பாலையூற்று, அன்புவழிபுரம், லிங்கநகர் பக்கங்களில் இதற்குக் கேள்வி மழைக்காலத்திலும் இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணமாக, பாலையூற்றில் ஒரு பழைய வீட்டை 1 கோடி ரூபாவுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம் என்ற கணக்கில் 399,000 ரூபா. நொத்தாரிசு, நில அளவை, தேடுதல் செலவுகளையும் சேர்த்தால் 1 கோடியே 5 இலட்சம். வீட்டை இரண்டாகப் பிரித்து மாதம் 25,000 படி வாடகைக்கு விட்டால் வருடம் 6 இலட்சம். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், கூரையும் குழாயும் திருத்தம் கேட்கும், உள்ளூராட்சி சபைக்குச் சோலை வரி கட்ட வேண்டும். கையில் நிற்பது 4 இலட்சத்து 80 ஆயிரம் என்று வையுங்கள். போட்ட பணத்துக்கு 4.6 சதவீதம்கூட முழுதாக இல்லை. 2025 இல் ஓராண்டு நிலையான வைப்புக்கே ஏறத்தாழ 8 சதவீதம் கிடைத்தது.

பாதிக்குக் கடன் எடுத்தால்? 50 இலட்சத்தை 12 சதவீத வட்டிக்கு 15 வருடத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 60,000 ரூபா. வாடகை 50,000. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் காணியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை மட்டும் உங்களைத் தூக்கி நிறுத்தாது. மிச்சம் விலையேற்றத்தில்தான் வரவேண்டும். விலையேற்றத்துக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். வட்டி கூடினால் அந்தப் பத்தாயிரம் இருபதாயிரமாகலாம் என்பதையும் 2022 ஐக் கண்டவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அதனால்தான், நகரத்தில் சொந்த வீடோ பெற்றோரின் வீடோ இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது, புதுக் காணி தேடாமல் இருக்கிற வளவில் இரண்டு அறை கட்டுங்கள் என்பதுதான். முத்திரைத் தீர்வை இல்லை. உரித்து யாருடையது என்று உங்களுக்கே தெரியும். கட்டட வரைபடத்துக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதியும், சகோதரங்களின் பங்கு தீராத வீடென்றால் அவர்களின் எழுத்தும் வேண்டும். 20 அல்லது 30 இலட்சத்தில் வாடகைக்காரரோடு பழகுவது, திருத்தச் செலவைச் சமாளிப்பது, காலி மாதத்தைத் தாங்குவது எல்லாம் கைக்கு வந்துவிடும். அப்படி இரண்டு வருடம் ஓட்டியவர் அடுத்த காணியை வாங்கும்போது எவரும் அவரை எளிதில் ஏய்க்க முடியாது.

காணிதான் வாங்குவேன் என்றால் ஒரே ஒரு பகுதியைத் தெரிவுசெய்து அங்கே மட்டும் பாருங்கள். சொல்லும் விலையை விட்டு, உண்மையில் எழுதி முடிந்த விலையைக் கேட்டுக் குறித்து வையுங்கள். கடன் தேவையில்லை என்றாலும், ஒரு வங்கியில் போய் இந்தக் காணியை ஈடாக எடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். வங்கியின் சட்டத்தரணி வேண்டாம் என்று சொல்லும் உரித்தை நீங்களும் விட்டுவிடலாம். பெரிய காணியைத் துண்டு போட்டு விற்கிறார்கள் என்றால், பிரிப்புப் பிளானுக்கு உள்ளூராட்சி சபை அனுமதி இருக்கிறதா, துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையாமல் இருக்கிறதா, பாதை பிளானில் பாதையாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம். முற்பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசு முன் ஒப்பந்தம் எழுதி, உரித்தில் குறை கண்டால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்பதையும் அதில் எழுதுங்கள்.

தீர்வையை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சந்தைப் பெறுமதியைப் பார்த்துத் தீர்வையைத் திரும்பக் கணிக்க அதிகாரிகளால் முடியும். அதோடு நாளை நீங்கள் விற்கும்போது மூலதன ஆதாய வரி இருக்கிறது. 2018 ஏப்ரலில் 10 சதவீதமாகத் தொடங்கிய அந்த வரி, 2025 ஏப்ரல் முதல் தனியாட்களுக்கு 15 சதவீதம். வாங்கிய விலை உறுதியில் குறைவாக இருந்தால் உங்கள் ஆதாயம் தாளில் பெரிதாகத் தெரியும், வரியும் அப்படியே.

உறுதி முடிந்து பதிவும் ஆன பிறகு செய்ய வேண்டியவை சில உண்டு. சோலை வரி இடாப்பில் பெயரை மாற்றுங்கள். மின்சார, தண்ணீர்ப் பட்டியல்களையும் மாற்றுங்கள். எல்லையில் வேலியோ மதிலோ போடுங்கள். காணியை நீங்கள் இல்லாமல் யாரும் விற்கப் பார்த்தால் தகவல் வரும்படி பதிவகத்தில் எதிர் அறிவித்தல் பதிந்து வைக்கலாம்; வெளியூரில் இருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. மாதம் ஒரு தடவையாவது போய் வளவைத் துப்பரவாக்கி, பக்கத்து வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். மூல உறுதியை வீட்டு அலுமாரியில் வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வைத்து, உறுதி இலக்கத்தையும் பதிவகத் தொகுதி, பக்க இலக்கங்களையும் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள்.